நட்சத்திரமிட்ட கட்டம்

சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் ஒரு நண்பகல். வாசலில் வண்டியை நிறுத்திய கூரியர் இளைஞர், "சுப்பையா சார் வீடுதானே? சாரைக் கொஞ்சம் கூப்பிடுங்க" என்று குரல் கொடுத்தார். அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்த அம்மா, "அவரு இல்லையேப்பா" என்றார். "எப்பம்மா வருவாரு? கையெழுத்து வேணுமே" என்று அவர் கேட்க, அம்மா நிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார். நான் ஓடிவந்து கையெழுத்துப் போட்டுப் பொதியை வாங்கிக்கொண்டேன். நான் வரவழைத்திருந்த அச்சுப்பொறி மைக்குப்பி அது. அப்பா காலமாகி 11 ஆண்டுகள் ஆகின்றன.

அந்த இளைஞர்மீது தவறில்லை. பொதியின்மேல் இருந்த பெயரைத்தான் அவர் படித்தார். அந்தப் பெயரை அங்கே எழுதியவன் நான். முதற்பெயர் என்று ஒரு கட்டம், கடைசிப் பெயர் என்று இன்னொரு கட்டம், இரண்டின் அருகிலும் சிவப்பில் ஒரு நட்சத்திரக் குறி. கடைசிப் பெயர்க் கட்டத்தில் 'சு' என்று தலைப்பெழுத்தை இட்டால் ஏற்கவில்லை, குறைந்தது இரண்டு எழுத்து வேண்டுமாம். ஆகவே தலைப்பெழுத்தை விரித்து அப்பாவின் பெயரை முழுமையாக எழுதினேன். கணினிக்கு அது குடும்பத்தின் பெயர். அன்று முதல் அந்தக் கடையின் கடிதங்கள் எல்லாம் "அன்புள்ள சுப்பையா" என்றே வருகின்றன.

சினம் வந்தது உண்மை. ஆனால் சினப்படும் தகுதி எனக்கு இல்லை. அதற்கு முந்தைய ஆண்டுதான் இதே பிழையை நானே நல்ல தமிழில் எழுதிக் கொடுத்திருந்தேன்.

என்னிடம் இளங்கலைத் தமிழ் படித்துவிட்டுக் கணினிப் பக்கம் போன மாணவர் ஒருவர், திருச்சியில் இரண்டு பேரை வைத்துக்கொண்டு வலைத்தளங்கள் கட்டித் தருகிறார். சிறு பதிப்பகம் ஒன்று தன் நூல்களை இணையத்தில் விற்க ஒரு கடை வேண்டும் என்று அவரிடம் கேட்டிருந்தது. "ஐயா, உள்ள நுழையறதுலேருந்து பணம் கட்டுற வரைக்கும் ஒரு ஆங்கில வார்த்தைகூட கண்ணுல படக்கூடாது. அறுபத்து நாலு சொல் இருக்கு. நீங்கதான் பார்த்துக் குடுக்கணும்" என்றார். ஆசிரியனை இதைவிட எளிதாக வீழ்த்த முடியாது. இரண்டு இரவுகள் உட்கார்ந்தேன்.

அந்த இரவுகளின் இன்பத்தை மறைக்க விரும்பவில்லை. அமெரிக்கப் பேரங்காடிகளில் தள்ளிக்கொண்டு போகும் சக்கர வண்டியை நம் சந்தைக்குள் இழுத்துவருவானேன் என்று 'கூடை' என்று வைத்தேன். 'சமர்ப்பி' என்பதில் கோயில் வாடை அடித்தது, 'அனுப்பு' என்பதில் அதட்டல் தெரிந்தது. வியங்கோளாக்கி 'அனுப்புக' என்றேன். கட்டாயம் நிரப்ப வேண்டிய கட்டத்துக்குத் 'தேவையான புலம்'. தவறாக நிரப்பினால் 'செல்லாத உள்ளீடு'. கடைசிப் பெயருக்குத்தான் நெடுநேரம் ஆயிற்று. பின்பெயர், குலப்பெயர், வழிப்பெயர் என்று பல எழுதி அடித்துக் கடைசியில் 'குடும்பப் பெயர்' என்று முடித்தேன். மரியாதையான, எல்லோருக்கும் விளங்கும் சொல் என்று ஒரு நிறைவு. பக்கத்தில் இருந்த நட்சத்திரத்தை நான் தொடவில்லை. குறியீடுகள் மொழிபெயர்ப்பாளனின் வேலையல்ல என்று நினைத்திருக்க வேண்டும்.

தளம் திறந்த செய்தியை முதலில் சொன்னது என் பள்ளித் தமிழாசிரியரிடம். முசிறிக்கு மேற்கே ஒரு சிற்றூரில் தனியாக இருக்கிறார். எண்பதைத் தாண்டிவிட்டார். நெடுநாளாக அவர் தேடிக்கொண்டிருந்த ஓர் இலக்கண உரையை அந்தப் பதிப்பகம் மறு அச்சுச் செய்திருந்தது. நானே வாங்கி அனுப்பியிருக்கலாம். "எல்லாம் தமிழில்தான் ஐயா இருக்கிறது, நீங்களே வாங்கிவிடலாம்" என்றேன். அந்தத் தமிழ் யாருடையது என்பதை அவரே கண்டுபிடிக்கட்டும் என்ற ஆசை அதில் ஒளிந்திருந்தது.

தை மாதம் அவரைப் பார்க்கப் போனபோது திண்ணை மூலையில் அந்தப் பொதி பிரிக்கப்படாமல் கிடந்தது. "புத்தகம் வந்துவிட்டதா ஐயா?" என்று கேட்டேன். "வந்தது. யாருக்கோ வந்திருக்கிறது" என்றார். எடுத்துப் பார்த்தேன். அவர் பெயர் இருந்தது. அதை ஒட்டி அவர் பிறந்த சாதியின் பெயரும் அச்சாகியிருந்தது.

1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாகாண மாநாடு, பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டத்தை இடுவதைக் கைவிட வேண்டும் என்று தீர்மானித்ததை நாம் பாடமாக நடத்துகிறோம், தேர்வில் இரண்டு மதிப்பெண்ணுக்குக் கேட்கிறோம். ஆசிரியருக்கு அது பாடமன்று. பள்ளிச் சான்றிதழில் தந்தையார் சேர்த்துவிட்டிருந்த பட்டத்தை நீக்க, வேலைக்குச் சேர்ந்த புதிதில் அரசிதழில் விளம்பரம் கொடுத்தவர் அவர். அதற்காகத் தந்தையார் இரண்டு ஆண்டுகள் அவரோடு பேசவில்லை என்று ஒருமுறை வகுப்பில் சொன்னார், வேறெதையோ விளக்கும்போது, போகிற போக்கில்.

நடந்தது இதுதான். பக்கத்து வீட்டுப் பையன் பள்ளி விட்டு வந்ததும் அவனைத் துணைக்கு வைத்துக்கொண்டு ஆசிரியர் தம் கைபேசியில் படிவத்தைத் திறந்திருக்கிறார். பெயரைத் தமிழிலேயே எழுதினார். 'செல்லாத உள்ளீடு' என்று வந்தது. (ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன். தமிழ் படித்தவர்கள் கட்டாயம் அறிய வேண்டிய வேடிக்கை அது.) பையன் ஆங்கில எழுத்தில் அடித்துக் கொடுக்க, அது ஏற்றது. அடுத்து, குடும்பப் பெயர். வெற்றாக விட்டால் தேவையான புலம் என்றது. தலைப்பெழுத்தை இட்டால் செல்லாது என்றது. ஒவ்வொரு முறையும் மேலே எழுதிய முகவரி முழுதும் அழிந்துபோனது. மூக்குக் கண்ணாடியை எடுக்க ஆசிரியர் உள்ளே போன நேரத்தில், பையன் ஊரில் எல்லோரும் சொல்லுகிற ஒன்றை அந்தக் கட்டத்தில் அடித்தான். உடனே பச்சை நிறத்தில் ஒரு சரிக்குறி வந்தது. "சரி ஆயிடுச்சு தாத்தா" என்றான். அவனைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? தாத்தாவுக்கு உதவி செய்தான்.

"அந்தச் சொல்லெல்லாம் யார் போட்டதுப்பா? கூடை, அனுப்புக... தமிழ் தெரிந்த ஆள்தான்" என்றார் ஆசிரியர். நான் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. காப்பி குடித்து, வேறு பேசி, எழுந்து செருப்பை மாட்டும்போதுதான் சொன்னேன். சற்று நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "நன்னூலில் வினா எத்தனை வகை?" என்று கேட்டார். நாற்பதைத் தாண்டிய வயதில், வாசற்படியில் நின்றுகொண்டு, அறிவினா, அறியாவினா, ஐயவினா, கொளல்வினா, கொடைவினா, ஏவல்வினா என்று ஒப்பித்தேன். "நீ கேட்டது எது?" என்றார்.

பேருந்தில் வரும்போதெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். கடைக்காரரிடம் 'அரிசி இருக்கிறதா' என்று கேட்பது கொளல்வினா. கடையில் வினவும் உரிமை வாங்க வந்தவருக்கு உரியது. இணையக் கடையில் அது தலைகீழாகிவிட்டது. கடைக்காரர் வினவிக்கொண்டே இருக்கிறார், வாங்க வந்தவர் விடை சொல்லிக்கொண்டே இருக்கிறார். தெரியாததைத் தெரிந்துகொள்ளக் கேட்கும் அறியாவினாவாக இருந்தாலாவது 'அப்படி ஒன்று எனக்கு இல்லை' என்ற விடைக்கு அதில் இடமிருக்கும். நட்சத்திரம் இட்ட கட்டத்தில் அந்த இடம் இல்லை. வினா வடிவத்தில் வரும் ஏவல் அது.

இணைய வணிகத்தின் முதல் வாடிக்கையாளர் என்று பலராலும் சொல்லப்படுகிற ஜேன் ஸ்னோபால் என்ற மூதாட்டியைப் பற்றி மாணவர் ஒருமுறை சொன்னார். இங்கிலாந்தின் கேட்ஸ்ஹெட் நகரில், 1984 மே மாதத்தில், தம் 72ஆம் வயதில், வீட்டுத் தொலைக்காட்சியின் கைக்கருவியைக் கொண்டு டெஸ்கோ கடையிலிருந்து மார்கரின், சோளச் செதில், முட்டை மூன்றையும் வரவழைத்தவர். வெளியே போய் வர முடியாத முதியோருக்காக நகராட்சி செய்த ஏற்பாடு அது. பொருள் வந்ததும் பணத்தைக் கையில் கொடுத்தார். முதியவர் ஒருவரின் வசதிக்காகத் தொடங்கிய ஒன்று, என் ஆசிரியரை மூக்குக் கண்ணாடி தேட வைத்து முடிந்திருக்கிறது.

மறுவாரம் மாணவர் என் துறைக்கு வந்தார். வகுப்புகள் முடிந்தபின், கரும்பலகையில் படிவத்தின் கட்டங்களை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றின் நேரே 'இது யாருக்கு வேண்டும்?' என்று கேட்டுக்கொண்டே போனோம். பிறந்த நாள்? யாருக்கும் வேண்டாம், வாங்கிய வார்ப்புருவில் இருந்தது, அப்படியே வந்துவிட்டது. திரு, திருமதி, செல்வி? அங்கே ஏதோ வேலையாக வந்த முதுகலை மாணவி ஒருவர் எட்டிப் பார்த்து, "புத்தகம் வாங்க எனக்குக் கல்யாணம் ஆச்சா இல்லையான்னு தெரியணுமாங்கய்யா?" என்றார். அதையும் அழித்தோம். 'அனுப்புக' பொத்தானுக்குப் பக்கத்திலேயே, அதே அளவில், 'அழிக்க' என்று ஒன்று இருந்தது. கைதவறித் தொட்டால் எழுதியதெல்லாம் போயிற்று. இப்படிப்பட்ட பொத்தானை எடுத்துவிட்டாலே பெரும்பாலான படிவங்கள் மேம்படும் என்று ஜேக்கப் நீல்சன் 2000ஆம் ஆண்டிலேயே எழுதிவிட்டாராம்.

வாங்குவதற்கு முன் கணக்குத் தொடங்கியாக வேண்டும் என்ற நிபந்தனையைப் பற்றிப் பேச்சு வந்தபோது மாணவர் ஒரு கதை சொன்னார். லூக் ரோப்லெவ்ஸ்கியின் படிவ வடிவமைப்பு நூலுக்காக ஜாரெட் ஸ்பூல் எழுதிய கதை அது. பெரிய அமெரிக்கக் கடை ஒன்றில், வாங்கப் போகும் நேரத்தில் பதிவு செய்யச் சொல்லும் படிவம் குறுக்கே நின்றது. பலர் அங்கேயே திரும்பினார்கள். பழைய வாடிக்கையாளர்கள் கடவுச்சொல்லை மறந்து திண்டாடினார்கள். பதிவுப் பொத்தானை எடுத்துவிட்டு, 'தொடர்க' என்ற பொத்தானையும், கணக்குத் தொடங்காமலே வாங்கலாம் என்ற சிறு குறிப்பையும் வைத்தார்கள். பொருளை வாங்கி முடித்தவர்கள் 45 விழுக்காடு கூடினார்கள், முதல் ஆண்டில் 30 கோடி டாலர் கூடுதல் வருமானம். பதிப்பாளரை இசையவைக்க எங்கள் சாதிப்பெயர்க் கதை உதவவில்லை, இந்த டாலர்க் கதைதான் உதவியது. (பதிப்பாளர் தம் மாத இதழின் சந்தாவுக்கு முன்கூட்டியே சரிக்குறி இட்டு வைக்கச் சொல்லியிருந்தார். கேட்காமல் கூடைக்குள் பொருள் போடுவதை 2023 நவம்பரில் வந்த நடுவண் அரசின் வழிகாட்டு நெறிகள் தடைசெய்கின்றன என்று சொன்னதும் அதையும் விட்டுவிட்டார்.)

முகவரிக்கு வந்தோம். கதவெண், தெரு, நகரம், மாநிலம் என்று நான்கு கட்டங்கள், நான்கிலும் நட்சத்திரம். ஆசிரியரின் ஊரில் தெருவுக்குப் பெயர் கிடையாது. நம் சிற்றூர் முகவரியின் இலக்கணமே வேறு. ஊர், அஞ்சல், வழி, வட்டம், மாவட்டம் என்று அது விரியும். நடுவில் 'பிள்ளையார் கோயில் எதிரில்' என்று ஒரு வேற்றுமை உருபும் வரும். நான்கையும் அழித்துவிட்டு, அஞ்சலட்டையில் எழுதுவதுபோல் எழுத ஒரு பெரிய கட்டம் வைத்தோம். அதற்கும் முன்னால் அஞ்சல் குறியீட்டெண்ணைக் கேட்டோம். 1972 ஆகஸ்ட் 15 முதல் நடைமுறையில் இருக்கும் இந்த ஆறு இலக்க முறையை வகுத்தவர், அஞ்சல் துறையில் உயர் பொறுப்பில் இருந்த ஸ்ரீராம் பிகாஜி வேலணகர். அவர் ஒரு வடமொழிக் கவிஞர் என்பதை அன்றுதான் அறிந்தேன். யாப்பு தெரிந்தவர் செய்த வேலை என்பது பார்த்தாலே தெரிகிறது. முதல் இலக்கம் மண்டலம், முதல் மூன்றும் சேர்ந்தால் பிரிப்பக வட்டாரம், கடைசி மூன்றும் கடிதத்தைக் கொண்டு கொடுக்கும் அஞ்சலகம். ஆகவே எண்ணை முதலில் வாங்கிக்கொண்டால் மாவட்டத்தையும் மாநிலத்தையும் கணினியே நிரப்பிக்கொள்ளும். நம்மவர்கள் மயிலாப்பூரை 600 004 என்று நடுவில் இடம் விட்டுத்தான் எழுதுவார்கள். பழைய படிவம் அதைச் செல்லாது என்றது. இடைவெளியை எடுத்துவிட்டு எண்ணை வாங்கிக்கொள்வது கணினிக்கு ஒரு வரி வேலையாம். அந்த ஒரு வரியை எழுதாமல் மனிதரைத் திரும்ப எழுதச் சொல்லியிருக்கிறது.

தமிழ்ப் பெயர் ஏன் செல்லாமல் போயிற்று என்று சொல்வதாக எழுதினேன். பெயரில் எண்களோ குறிகளோ நுழையாமலிருக்க, 'எழுத்து மட்டுமே வரலாம்' என்று நிரலில் ஒரு காவல் வைத்திருந்தார் மாணவர். ஒருங்குறியின் வகைப்பாட்டில் நம் அகரமேறிய மெய் எழுத்து. ஆனால் அதன்மேல் ஏறும் உகரக்குறி, கொம்பு, கால், புள்ளி எல்லாம் எழுத்தல்ல, எழுத்தோடு ஒட்டும் குறிகள். 'முருகன்' என்ற நாலெழுத்துப் பெயர் கணினிக்கு ஏழு உருப்படி. அவற்றில் நான்கு எழுத்து, மூன்று குறி. காவலாளி புள்ளியைக் கண்டதும் வாசலை அடைத்துவிட்டார். மெய்க்குப் புள்ளியைத் தொல்காப்பியர் அடையாளமாகச் சொன்னதை அவருக்கு யார் சொல்லியிருப்பார்கள்? ஆங்கில வாசம் அறவே இல்லாத தமிழ்க்கடை, ஆங்கில எழுத்தில் பெயர் உள்ளவர்களை மட்டும் உள்ளே விட்டுக்கொண்டிருந்தது. எங்கள் இருவருக்கும் சிரிப்பு வந்தது, சற்று நேரம் கழித்து அது நின்றுவிட்டது.

கடைசியில் பெயர். பேட்ரிக் மெக்கன்சி என்ற நிரலாளர், பெயர்களைப் பற்றி நிரலாளர்கள் கொண்டிருக்கும் பொய்நம்பிக்கைகள் என்று 2010இல் நாற்பதைப் பட்டியலிட்டிருக்கிறார். மாணவர் அதை எனக்கு அனுப்பியிருந்தார். ஒவ்வொருவருக்கும் ஒரே ஒரு முழுப்பெயர் உண்டு என்பதில் தொடங்கி, மனிதர்களுக்குப் பெயர் உண்டு என்ற நம்பிக்கையில் முடிகிறது அந்தப் பட்டியல். உலகின் பிற பகுதிகளில் பெயரில்லாதவர்களுக்காக எழுதப்பட்டதாக அதை நினைத்துப் படித்திருந்தேன். இரண்டு கட்டங்களை ஒன்றாக்கினோம். மேலே 'பெயர்' என்று மட்டும் போட்டோம். கீழே சிறிய எழுத்தில் 'பொதியின்மேல் எப்படி எழுத வேண்டுமோ அப்படி' என்று சேர்த்தேன். அறுபத்து நாலு சொற்களில் எழுதத் தெரியாத ஒன்று அந்தச் சிறு வரியில் எனக்கு வாய்த்தது என்று சொல்லிக்கொள்ளலாமா? 'செல்லாத உள்ளீடு' என்பதைத் தூக்கிவிட்டேன். செல்லாக்காசு என்பதில் வரும் சொல்லை ஒருவரின் பெயருக்குமுன் வைத்திருந்தேன் என்பது அப்போதுதான் உறைத்தது. இப்போது 'அஞ்சல் எண்ணில் ஆறு இலக்கங்கள் இருக்க வேண்டும், இங்கே ஐந்து உள்ளன' என்பதுபோல், எது குறைகிறது என்பதைச் சொல்லும் வரிகள் இருக்கின்றன. பிழை நேர்ந்தாலும் எழுதியவை அழிவதில்லை.

ஒரு சிக்கல் மட்டும் தீரவில்லை. "ஐயா, நம்ம படிவத்தை மாத்திட்டோம். ஆனா கூரியர்காரங்க மென்பொருள் ரெண்டு பேரு கேக்குது. கடைசிப் பேரு இல்லாம அனுப்பினா திருப்பி விட்டுடுது" என்றார் மாணவர். வேறு வழியின்றி, இருக்கிற ஒரே பெயரை இரண்டு கட்டத்திலும் இட்டு அனுப்புமாறு நிரலை எழுதினார். பொதிகளின்மேல் எல்லோருடைய பெயரும் இரட்டைக்கிளவிபோல் அச்சாகிறது. ஆசிரியருக்கு இரண்டாவது பொதி அப்படித்தான் போயிற்று. "ஒருமுறை கூப்பிட்டாலே வருவேனே" என்று தொலைபேசியில் சொன்னார். அந்த நூலைப் பிரித்துப் படித்தார். திண்ணையில் கிடந்த முதற்பொதியை என்னிடமே கொடுத்து, பெயர் இருந்த தாளைக் கிழித்துவிட்டுக் கல்லூரி நூலகத்தில் சேர்க்கச் சொன்னார். சேர்த்துவிட்டேன்.

பதிப்பகத்தின் பதிவேட்டிலிருந்து அந்தப் பழைய பெயரை மாணவர் அன்றே நீக்கிவிட்டார். கூரியர் நிறுவனத்தின் பதிவேட்டில் அது இன்னும் இருக்கிறது. ஆசிரியரின் கைபேசி எண்ணோடு அது அங்கே ஒட்டிக்கொண்டுவிட்டது. மூன்று முறை எழுதிக் கேட்டோம். முதல் இரண்டு முறை விடை இல்லை. மூன்றாம் முறை, பெயர்த் திருத்தத்துக்கு ஒரு படிவத்தை நிரப்பி அனுப்பச் சொல்லிப் பதில் வந்தது. திறந்து பார்த்தேன். முதற்பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டங்கள், இரண்டிலும் நட்சத்திரம். சென்ற வாரம் மருந்துப் பொதி ஒன்று வரும் செய்தி அவர் கைபேசிக்கு வந்திருக்கிறது. பட்டத்தோடுதான் விளித்திருந்ததாம்.